மின்சாரத்துக்கு ஒரு குதிர்

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பது நம் பெரியோர் வாக்கு. களத்து மேட்டில் முறத்துடன் நின்று பழகிய ஜனங்கள் சொன்ன வார்த்தை அது. ஆனால் அவர்கள் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று உண்டு. தூற்றிய நெல்லைக் களத்திலேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவன் அந்தக் காலத்தில் ஒருவனும் இல்லை. ஆகையால் "தூற்றியதைக் குதிரில் கொட்டி மூடு" என்று தனியாக உபதேசம் செய்ய வேண்டிய அவசியம் அவர்களுக்கு ஏற்படவில்லை.

இன்று தமிழ்நாடு காற்றைக் கொண்டு தூற்றுவது நெல்லை அன்று, மின்சாரத்தை. தூற்றுகிற காரியத்தில் நாம் சூரர்கள்தாம். குதிர் கட்டுகிற காரியத்தில் எப்படி என்பதை இந்த வாரம் சற்று விசாரிக்கலாம் என்று உத்தேசம்.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே செல்லச் செல்ல அங்கங்கே வாய் திறந்து கொடுக்கிறது. பாலக்காட்டுக் கணவாய், கம்பம் பள்ளத்தாக்கு, செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. வைகாசி மாதம் முதல் புரட்டாசி வரையில் தென்மேற்குப் பருவக்காற்று இந்த வாசல்களின் வழியே பீறிட்டுக்கொண்டு வருகிறது. ஆடி மாதத்தில் நாகர்கோவிலுக்கு ரயிலில் போகிறவர்கள், ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் நின்று சுழலும் காட்சியைப் பார்க்கலாம். 1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடிப் பக்கத்தில் சோதனையாகத் தொடங்கிய இந்த முயற்சி, இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட சக்தியாக வளர்ந்திருக்கிறது. போதாக்குறைக்குச் சூரிய பகவானும் சேர்ந்துகொண்டிருக்கிறார். ராமநாதபுரம் ஜில்லாவில் கமுதிக்கு அருகே 2016-ஆம் ஆண்டில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒன்று எழுந்தது. அதன் பின் வந்தவை பல.

இவ்வளவும் கேட்பதற்கு ஆனந்தமாகத்தான் இருக்கிறது. பிறகு சங்கடம் எங்கே?

மின்சாரம் என்பது உலகத்துச் சரக்குகளிலெல்லாம் விசித்திரமானது. அடுப்பிலிருந்து இறக்கிய க்ஷணமே இலையில் விழ வேண்டும். இலையில் விழுந்த க்ஷணமே உண்ணப்பட வேண்டும். உண்பவரை விடச் சமையல் அதிகமானாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. நம் தேசத்து மின்கம்பிகளில் ஓடும் மாறு மின்னோட்டம் விநாடிக்கு 50 தடவை திசை மாறித் திரும்புகிறது. உற்பத்தி மிகுந்தால் இந்த எண்ணிக்கை ஏறும். தேவை மிகுந்தால் இறங்கும். ஏற்றமோ இறக்கமோ எல்லை கடந்தால் யந்திரங்கள் தம்மைக் காப்பாற்றிக்கொள்வதற்காக ஒன்றன் பின் ஒன்றாகக் கழன்றுகொள்ளும். ஊர் இருண்டுவிடும். மாநிலத்தின் மின்பளுவைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரிகள், இரவு பகல் இருபத்துநாலு மணி நேரமும் தராசு முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி, ஆடி மாதத்தில் ஒரு நள்ளிரவை நினைத்துப் பாருங்கள். மழைச் சாரலில் ஊர் குளிர்ந்திருக்கிறது, விசிறிகள் பல நின்றுவிட்டன, கடைகள் மூடியாயிற்று. கணவாயிலோ காற்று பேய் போல் அடிக்கிறது. அனல் மின்நிலையத்துக் கொதிகலனை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட முடியாது. ஏறக்குறையப் பாதி அளவுக்குக் கீழே தணித்தால் அது தகராறு செய்யும். கூடங்குளத்து அணு உலைகளும் ஒரே சீராக ஓடுவதையே விரும்புகின்றன. கடைசியில் மிஞ்சுவது ஒரே வழி. சுழன்றுகொண்டிருக்கும் காற்றாலைகளில் சிலவற்றை நிறுத்தச் சொல்ல வேண்டியதுதான். கரி வாங்காமல், காசு கொடுக்காமல், கடவுள் கொடுத்த சக்தி கணவாயைத் தாண்டி வீணாகப் போய்விடுகிறது. அடுத்த பங்குனியில் வெயில் கொளுத்தும்போது அதே மின்சாரத்தை வெளியிலிருந்து அதிக விலைக்கு வாங்குகிறோம்.

சூரியன் கதையும் இதுவே. உச்சி வேளையில் அள்ளிக் கொடுக்கிறது. அந்தி சாய்ந்து, வீட்டில் விளக்கேற்றி, சமையலறையிலும் கூடத்திலும் படுக்கையறையிலும் ஒரே சமயத்தில் விசைகளைத் தட்டும் நேரத்தில், அது கடலிலோ மலையிலோ இறங்கிப் போய்விடுகிறது. 2024-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. சூரியப் பலகைகளை இன்னும் இரண்டு பங்கு வைத்தாலும், இரவு எட்டு மணிக்கு அவற்றிலிருந்து ஒரு விளக்குக்குக்கூட வெளிச்சம் கிடைக்காது.

ஆகவேதான் குதிர் வேண்டும் என்கிறோம்.

*

நல்ல வேளையாக, அப்படி ஒரு குதிர் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள்தாம் சிலர். பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலைத் தொடரில் கடம்பாறை என்னும் இடத்தில், மலையைக் குடைந்து பாறைக்குள்ளே ஒரு மின்நிலையம் கட்டியிருக்கிறார்கள். மேலே கடம்பாறை அணை; கீழே மேல் ஆழியாறு அணை. இரண்டுக்கும் இடையே 100 மெகாவாட் வீதம் நாலு யந்திரங்கள். 1987 முதல் 1989 வரையில் அவை ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின.

சாதாரணப் புனல் மின்நிலையத்தில் தண்ணீர் மேலேயிருந்து கீழே வரும், சக்கரத்தைச் சுழற்றும், பிறகு ஆற்றோடு போய்விடும். கடம்பாறையிலோ தண்ணீர் போய்விடுவதில்லை. மின்சாரம் மிஞ்சிக் கிடக்கும் வேளையில் அதே யந்திரங்களை எதிர்த் திசையில் ஓட்டுகிறார்கள். மின்சாரம் தந்த ஜெனரேட்டர் இப்போது மின்சாரம் உண்ணும் மோட்டார் ஆகிறது. தண்ணீரால் சுழன்ற சக்கரம் தண்ணீரை ஏற்றும் பம்பு ஆகிறது. கீழ் அணையின் நீர் மேல் அணைக்கு ஏறுகிறது. தேவை வந்ததும் மதகைத் திறந்தால் அந்த நீர் மறுபடியும் இறங்கி, ஏற்றுவதற்குச் செலவழித்த சக்தியில் பெரும் பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மலை உச்சியில் தேங்கி நிற்கும் நீர்தான் குதிரில் கொட்டிய நெல்.

இதற்கு இவ்வளவு பெரிய மலை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். நம் வீட்டு மொட்டை மாடித் தொட்டியே ஒரு சிறு கடம்பாறைதானே? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறோம். அதை ஒரு சொட்டும் வீணாகாமல், நஷ்டம் சிறிதுமின்றி மின்சாரமாக மாற்றினோம் என்றே வைத்துக்கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று மூன்று மணி நேரம் எரியும். அவ்வளவுதான்! ஒரே ஒரு யூனிட் மின்சாரம் வேண்டுமென்றால் அதே ஆயிரம் லிட்டரை 367 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். கடம்பாறை நிலையம் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் கொடுப்பது நாலு லட்சம் யூனிட். அதற்கு எத்தனை தண்ணீர், எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை வாசகர்களே யூகித்துக்கொள்ளலாம். புவியீர்ப்பு சக்தி மிகவும் நாணயமான கடன்காரன். ஆனால் மிகவும் சின்ன நாணயங்களாகத்தான் திருப்பித் தருகிறான். ஏரியும் மலையும் வேண்டியிருப்பது இதனாலேதான்.

"முழுதும் திரும்பி வருகிறதா?" என்பது அடுத்த கேள்வி. வருவதில்லை. இப்படிப்பட்ட நிலையங்களில் நூறு யூனிட் செலவழித்துத் தண்ணீரை ஏற்றினால், இறங்கும்போது கிடைப்பது எழுபத்தைந்து, எண்பது யூனிட். மற்றது உராய்விலும் சூட்டிலும் போய்விடுகிறது. "கால் பங்கைத் தொலைப்பதற்கா இவ்வளவு கோடி செலவு?" என்று சிக்கனக்காரர்கள் சீறக்கூடும். அவர்களுக்குச் சொல்லும் பதில் இதுதான்: எலியும் அந்தும் ஒரு மரக்கால் தின்னும் என்பதற்காகக் குதிரே வேண்டாம் என்று சொன்ன குடித்தனக்காரர் உண்டா? சேமிப்பு நிலையம் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. ஒரு வேளையில் இருப்பதை மற்றொரு வேளைக்குக் கொண்டுபோகிறது. அடியோடு வீணாகப் போக இருந்த நூறில் முக்கால் பங்கு மிஞ்சினால் அது லாபம்.

கடம்பாறையின் சரித்திரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அது கட்டப்பட்ட காலத்தில் பகலில் தேவை அதிகம், இரவில் குறைவு. எனவே அனல் நிலையங்களில் இரவில் மிஞ்சியதைக் கொண்டு நீரை ஏற்றி, மறுநாள் இறக்குவது என்பதே இத்தகைய நிலையங்களின் பொது உத்தேசம். காற்றும் வெயிலும் வந்த பிறகு கடிகாரம் தலைகீழாகிவிட்டது. இப்போது ஏற்றுவதற்கு நல்ல வேளை உச்சிப் பொழுது. இறக்குவதற்கு நல்ல வேளை விளக்கு வைக்கும் நேரம். யந்திரம் மாறவில்லை, அதை ஓட்டும் பஞ்சாங்கம் மாறிவிட்டது.

*

இங்கேதான் நாம் வெட்கப்பட வேண்டிய கணக்கு வருகிறது. காற்றாலை 10,000 மெகாவாட்டுக்கு மேல். கடம்பாறை 400 மெகாவாட். களம் நிறைய நெல்லுக்கு ஓர் அடுக்குப் பானை! கடம்பாறை ஓடத் தொடங்கி முப்பத்தைந்து ஆண்டு கடந்தும் அதற்கு ஒரு தம்பி பிறக்கவில்லை. நீலகிரியில் போர்த்திமந்து ஏரியை மேலேயும், அவலாஞ்சி–எமரால்டு ஏரியைக் கீழேயும் வைத்து, 125 மெகாவாட் வீதம் நாலு யந்திரங்களைக் கொண்டு 500 மெகாவாட்டுக்குக் குந்தாத் திட்டம் வகுத்தார்கள். 2025-ஆம் ஆண்டு பிறந்தபோதும் அந்த வேலை முடிந்திருக்கவில்லை.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்கலாம். பிரிட்டனில் வேல்ஸ் பிரதேசத்து டினார்விக் என்னுமிடத்தில், பலகைக்கல் வெட்டியெடுத்துக் கைவிட்ட மலை ஒன்றைக் குடைந்து, ஆறு யந்திரங்களுடன் ஒரு நிலையத்தை 1984-ஆம் ஆண்டில் திறந்தார்கள். அதன் சக்தி 1,700 மெகாவாட்டுக்கு மேல். தயாராகச் சுழன்றுகொண்டிருந்தால் சில விநாடிகளில் பெருஞ் சக்தியைக் கொடுத்துவிடும். டெலிவிஷனில் பிரபலமான நிகழ்ச்சி முடிந்தவுடன் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே சமயத்தில் தேநீருக்கு வெந்நீர் வைப்பார்களாம். அந்தத் திடீர்த் தேவையைச் சமாளிப்பது இந்த மலையின் வேலைகளில் ஒன்று. சீன தேசத்தில் ஃபெங்நிங் என்னுமிடத்தில் 3,600 மெகாவாட் நிலையம் 2024-ஆம் ஆண்டின் இறுதியில் முழுமை பெற்றது. கடம்பாறையைப் போல் ஒன்பது!

"மலை எதற்கு? பாட்டரி இருக்கிறதே" என்று இளைஞர்கள் சொல்வது காதில் விழுகிறது. அவர்கள் பேச்சிலும் நியாயம் உண்டு. 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி தென் ஆஸ்திரேலியாவில் பெரும் புயல் அடித்து மாநிலம் முழுவதும் இருண்டது. மறு வருஷம் அமெரிக்கச் செல்வந்தர் ஈலான் மஸ்க், ஒப்பந்தம் ஆன நூறு நாளில் பெரிய பாட்டரி நிலையம் கட்டித் தருவதாகவும், தவறினால் இனாமாகவே கொடுத்துவிடுவதாகவும் பந்தயம் கூறினார். 2017 டிசம்பர் 1-ஆம் தேதி ஹார்ன்ஸ்டேல் என்னுமிடத்தில் 100 மெகாவாட் பாட்டரி நிலையம் ஓடத் தொடங்கியது. இரண்டு வாரங்களுக்குள் அதற்குப் பரீட்சையும் வந்தது. பக்கத்து மாநிலமாகிய விக்டோரியாவில் 560 மெகாவாட் நிலக்கரி யந்திரம் ஒன்று திடீரென்று நின்றது. ஹார்ன்ஸ்டேல் ஒரு விநாடிக்குள் கை கொடுத்தது. கொடுத்தது ஏழு மெகாவாட் சொச்சந்தான். ஆனால் அந்த வேகத்தைக் கண்டு மின்சார நிபுணர்கள் அசந்து போனார்கள்.

கட்டும் வேகம், கை கொடுக்கும் வேகம் இரண்டிலும் பாட்டரிக்கு நிகர் இல்லை. மலை வேண்டாம், ஆறு வேண்டாம். ஊர் ஓரத்தில் ஒரு பொட்டல் போதும். கொடுத்ததில் எண்பத்தைந்து, தொண்ணூறு பங்கைத் திருப்பித் தருகிறது. விலையும் வருஷத்துக்கு வருஷம் இறங்கி வருகிறது. சட்டீஸ்கரில் ராஜ்நந்த்காவ் என்னுமிடத்தில், சூரிய மின்நிலையத்துடன் 40 மெகாவாட்டை மூன்று மணி நேரம் கொடுக்கவல்ல பாட்டரி நிலையம் 2024-இல் நம் தேசத்திலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் முதலில் கட்டிய அளவில் ஹார்ன்ஸ்டேலின் சேமிப்பு 129 மெகாவாட்–மணி. அதாவது முழு வேகத்தில் ஓடினால் ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பாட்டரிக்கு ஆயுளும் பத்துப் பதினைந்து, மிஞ்சினால் இருபது வருஷம். கடம்பாறையின் பாறைக் குகையோ இன்னும் பல தலைமுறைக்கு நிற்கும். பாட்டரிக்கு வேண்டிய மின்கலங்களில் பெரும் பகுதியைச் சீனாவிலிருந்து வாங்குகிறோம் என்பதையும் மறக்கலாகாது. கரிக்கும் எண்ணெய்க்கும் பிறரை எதிர்பார்த்த நிலை மாறி, லிதியத்துக்கு எதிர்பார்ப்பதாக முடிந்தால், எசமான் மாறினானே தவிர ஏவல் மாறவில்லை என்றாகும்.

ஆகையால் இரண்டும் வேண்டும். விநாடிக்கும் ஒன்றிரண்டு மணிக்கும் பாட்டரி; இரவு முழுவதற்கும் மலைநீர். சில்லறைச் செலவுக்குச் சுருக்குப் பையும் நாள்பட்ட செலவுக்குப் பெட்டியும் வைத்திருப்பது நம் பாட்டிமார் வழக்கந்தானே?

இரண்டாலும் ஆகாத காரியம் ஒன்றும் இருக்கிறது. ஆடிக் காற்றைப் பங்குனி வரைக்கும் வைத்திருக்க இந்த இரண்டு குதிர்களுக்கும் திராணி இல்லை. அதற்கு நம் பழைய அணைகளே ஓரளவு உதவும். காற்று கொழிக்கும் மாதங்களில் அணை நீரைத் தொடாமல் தேக்கி வைத்து, காற்று ஓய்ந்த கோடையில் திறந்துவிடலாம். செலவழிக்காமல் வைத்திருப்பதும் சேமிப்புத்தான். ஆயினும் எல்லா அணைக்கும் இது பொருந்தாது. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது என்னும் ஏற்பாடு டெல்டா வயல்களுக்காக ஏற்பட்டது. குறுவைப் பயிரின் தாகத்தைப் பார்த்துத்தான் மதகு திறக்க வேண்டுமேயன்றி, மின்சாரத்தின் வசதியைப் பார்த்தல்ல.

*

இவ்வளவு தூரம் மலையின் பெருமையைப் பேசினோம். மலை யாருடையது என்பதையும் ஒரு வார்த்தை பேசாமல் விட்டால் தர்மம் ஆகாது. ஆனைமலையில் காடர்களும் மலசர்களும் முதுவர்களும் இன்னும் பல ஆதிகுடிகளும் வசிக்கிறார்கள். அந்தக் காடு இப்போது புலிகள் காப்பகம். நீலகிரியில் அணைகள் எழுந்தபோது தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளும் சதுப்பு நிலங்களும் நீருக்குள் அமிழ்ந்தன. சமவெளியில் விளக்கு எரிவதற்காக மலையில் ஒரு மந்து மறைவதை, "புகையில்லாத மின்சாரம்" என்ற அழகிய பெயர் நியாயப்படுத்திவிடாது.

எனவே குதிர் கட்டுவதற்கும் ஒரு முறை வேண்டும். ஏற்கெனவே உள்ள இரண்டு நீர்த்தேக்கங்களைச் சுரங்கத்தால் இணைப்பது முதல் வழி. குந்தாத் திட்டம் அந்த வகையைச் சேர்ந்தது. புதிதாக ஏரி எடுத்து நிலத்தை மூழ்கடிக்க வேண்டியதில்லை. ஆற்றையும் காட்டையும் விட்டு விலகி, வறண்ட குன்றுகளில் மேலும் கீழும் தொட்டி கட்டி, ஒரு தடவை நிரப்பிய நீரையே திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவது இரண்டாவது வழி. ஆந்திராவில் பின்னாபுரத்தில் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். காட்டுக்குள் புதிய அணை என்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும், அங்கே வாழ்கிறவர்களைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டிய காரியம். அவசரம் இருக்கிறது என்பது உண்மை. 2030-க்குள் கரியும் எண்ணெயும் எரிக்காத மின்சக்தியை 5 லட்சம் மெகாவாட் ஆக்குவதாக 2021-ஆம் ஆண்டில் இந்தியா உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் வாக்குக் கொடுத்தது சமவெளி. விலை கொடுப்பது மலை மட்டும் என்று ஆகக் கூடாது.

குடும்பஸ்தர்களாகிய நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மத்திய சர்க்கார் 2023-இல் வகுத்த விதிப்படி, வெயில் காயும் எட்டு மணி நேரத்து மின்சாரத்துக்கு விலை குறைவு, உச்ச வேளைக்கு விலை அதிகம் என்ற ஏற்பாடு படிப்படியாக வர வேண்டியது. நேரத்தைக் குறிக்கும் புது மீட்டர் வந்த பிறகுதான் அது வீடுகளுக்கு அர்த்தமுள்ளதாகும். அது வருமுன்பே நாம் பழகிக்கொள்ளலாம். மாவு அரைப்பதையும், துணி துவைக்கும் யந்திரத்தையும், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதையும் மாலை ஏழு மணியிலிருந்து பகல் பன்னிரண்டு மணிக்கு மாற்றினால், அந்த அளவு மின்சாரத்தைச் சேமித்து வைக்கவே வேண்டியதில்லை. குதிரில் ஏறாமலே களத்திலிருந்து நேரே உலைக்குப் போகும் நெல் அது. எலிக்குப் பங்கு கிடையாது. வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லா நாளும் இது முடியாது. ஞாயிற்றுக்கிழமையாவது முடியும்.

மற்றொன்றும் நம்மால் முடியும். எங்கேயாவது புதிதாகக் காற்றாலையோ சூரியப் பலகையோ திறந்து வைக்கும்போது, மாலை மரியாதைகளுடன் "இத்தனை மெகாவாட்" என்று பிரமாதமாக அறிவிப்பார்கள். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படிக்கும்போது கைதட்டலாம், தவறில்லை. கைதட்டி முடிந்ததும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இதை எங்கே வைக்கப் போகிறீர்கள்? எத்தனை மணி நேரத்துக்கு?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டால், கடம்பாறைக்கு ஒரு தம்பி பிறக்க இன்னும் முப்பத்தைந்து வருஷம் ஆகாது.